ஒரே செல்லை நாள்கணக்கில் பின்தொடர்வது எதற்காக?

உயிரியல் முதுகலை மாணவர் ஒருவரின் கேள்வி இது: நோயுற்ற திசுவை மெல்லிய துண்டாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தாலே நோயின் அடையாளம் தெரிந்துவிடும்போது, உயிருள்ள செல்களை நாள்கணக்கில் படமெடுத்துக் கணினியில் ஏற்றி அலசுவது எதற்காக? லென்ஸ் காட்டாத எதைக் கணக்கு காட்டிவிடப் போகிறது? இதில் இரண்டு ஐயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று காலத்தைப் பற்றியது, மற்றொன்று கணினியைப் பற்றியது. காலத்தைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு விடை கிடைத்துவிட்டால் கணினி இந்த வேலைக்குள் ஏன் வந்தது என்பது எளிதில் விளங்கிவிடும்.

ஃபார்மலின் என்ற வேதிக்கரைசலில் ஊறவைத்து, கெடாமல் அப்படியே உறையவைத்த, அதாவது நிலைப்படுத்திய, திசுவில் ஒவ்வொரு செல்லையும் நாம் ஒரே ஒரு முறைதான் பார்க்கிறோம், அதுவும் அதன் உயிர் போன பிறகு. அந்தத் துண்டில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே காணப்பட்டால் அவற்றுக்குள் ஏதோ தொடர்பு உண்டு என்று சொல்லலாம். எது முன்னால் வந்தது, எது எதை உண்டாக்கியது என்று சொல்ல இயலாது. பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு குறையும் உண்டு. முன்பே இறந்து கரைந்துபோன செல்கள் அந்தத் துண்டில் இருப்பதே இல்லை. நோய் மிகக் கடுமையாகத் தாக்கியவை எவையோ அவையே நம் கணக்கிலிருந்து விடுபட்டுப்போக, எஞ்சி நிற்பவற்றை வைத்துக்கொண்டு நோயைப் பற்றி முடிவுகட்டுகிறோம்.

இந்தக் குறை ஆராய்ச்சியை எவ்வளவு தூரம் குழப்பும் என்பதற்கு ஹண்டிங்டன் நோயைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் நடுவயதில் தொடங்கி, கட்டுக்கடங்காத உடலசைவுகளையும் மனநிலை மாற்றங்களையும் அறிவுத்திறன் தேய்வையும் கொண்டுவரும் பரம்பரை நோய் அது. அதற்குக் காரணமான மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. அதில் சிஏஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் அளவுக்கு மீறி, 40 முறையோ அதற்கு மேலோ, திரும்பத் திரும்ப வரும்போது ஹண்டிங்டின் என்னும் புரதத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தின் சங்கிலி நீண்டுவிடுகிறது. 1997-இல், இறந்த நோயாளிகளின் மூளைச் செல்களிலும் மரபணு மாற்றப்பட்ட எலிகளின் மூளையிலும் இந்தப் புரதம் உருண்டு திரண்டு கிடப்பது காணப்பட்டது. நோய் உள்ள மூளையில் திரள் இருக்கிறது, நோய் இல்லாத மூளையில் இல்லை. ஆகவே திரள்தான் செல்லைக் கொல்கிறது என்று பலர் கருதியது இயல்பே. திரள்கள் மிகுந்துள்ள செல்வகைகளும் அதிகமாக இறக்கும் செல்வகைகளும் பொருந்தி வரவில்லையே என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். இரு தரப்பும் பெரும்பாலும் நிலைப்படுத்திய செல்களின் படங்களைக் காட்டியே வாதிட்டதால், வழக்கு தீராமல் இழுத்துக்கொண்டே போயிற்று.

அதைத் தீர்க்க வழிகாட்டிய ஆய்வு, சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில் ஸ்டீவன் ஃபிங்க்பைனரின் குழுவினர் செய்து, மான்செராட் அராசாட்டேயை முதல் ஆசிரியராகக் கொண்டு 2004-இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. எலியின் மூளையிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்த நரம்புச் செல்களுக்குள், நோய்ப் புரதத்தின் ஒரு பகுதியைப் பச்சை ஒளிர்புரதத்தோடு இணைத்து அவர்கள் உருவாக வைத்தார்கள். செல்லின் முழு உருவமும் தெரிவதற்காகச் சிவப்பாக ஒளிரும் இன்னொரு புரதத்தையும் சேர்த்தார்கள். செல்களை உடல் வெப்பத்தில் வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டருக்குத் தட்டு போய்த் திரும்பினாலும் அதே இடத்துக்குத் துல்லியமாக வந்து நிற்கும் தானியங்கி நுண்ணோக்கி, அதே செல்களை நாள்தோறும் படமெடுத்தது. பச்சை நிறம் செல் முழுவதும் பரவியிருந்தால் புரதம் கரைந்த நிலையில் இருக்கிறது. ஒரு நாள் அது ஒரு புள்ளியில் குவிந்து பளிச்சிட்டால் திரள் உருவாகிவிட்டது. சிவப்பு ஒளி மறைந்துபோனால் செல் இறந்துவிட்டது. ஒவ்வொரு செல்லுக்கும் இப்படி ஒரு வாழ்க்கைக் குறிப்பு கிடைத்தது.

அந்தக் குறிப்புகளை அவர்கள் அலசிய முறைதான் என்னை மிகவும் கவர்வது. மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகள் எவ்வளவு காலம் பிழைக்கிறார்கள், எந்தக் காரணி அவர்களது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று கணக்கிடப் பயன்படும் உயிர்பிழைப்புப் பகுப்பாய்வை அப்படியே செல்களுக்குப் பயன்படுத்தினார்கள். விடை பலரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. ஏராளமான செல்கள் திரளே உருவாகாமல் இறந்தன. கரைந்த நிலையில் புரதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகமாக இறப்பு அபாயமும் இருந்தது. திரள் உருவான செல்களிலோ, பரவிக் கிடந்த புரதத்தின் அளவு குறைந்தது. அவை கூடுதல் காலம் பிழைத்தன. வெள்ளம் சூழ்ந்த தெருவை ஒரே ஒரு நிழற்படத்தில் பார்ப்பவர், மணல் மூட்டை அடுக்கிய வீடுகளைச் சுற்றித்தான் தண்ணீர் அதிகம் என்று கண்டு, மூட்டைகளே தண்ணீரைக் கொண்டுவந்தன என்று முடிவுசெய்வதைப் போன்றதுதான் அதற்கு முன் நடந்தது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இது தட்டில் வளர்ந்த எலிச் செல்களில், புரதத்தின் ஒரு பகுதியை மிகையாக உருவாக்கிச் செய்த சோதனை. மனித மூளையில் பல ஆண்டுகள் நடப்பதை அப்படியே இது காட்டிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் திரளைக் கரைப்பதே சிகிச்சை என்று கண்ணை மூடிக்கொண்டு போவதை அது தடுத்தது.

இத்தகைய அலசலில் ஒரு பொறி இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதில் தவறாமல் விழுவார்கள். திரள் உருவான செல்களை ஒரு பக்கமும் உருவாகாதவற்றை மறுபக்கமும் பிரித்து, இரு பக்கத்துச் சராசரி ஆயுளை ஒப்பிட்டால், திரள் எந்த நன்மையும் செய்யாவிட்டாலும் திரளுள்ள செல்களே நீண்ட ஆயுள் கொண்டவையாகத் தெரியும். மூன்றாம் நாளில் திரள் உருவாக வேண்டுமானால் செல் மூன்று நாள் பிழைத்திருக்க வேண்டும்; முதல் நாளே இறந்த செல்லுக்குத் திரளை உருவாக்க வாய்ப்பே கிடைத்திருக்காது. ஆகவே ஒரு செல் திரள் உருவாகும் வரை ஒரு பிரிவிலும், உருவான கணத்திலிருந்து மறு பிரிவிலும் கணக்கில் வர வேண்டும். புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1972-இல் வெளியிட்ட அபாய மாதிரியில் காலத்தோடு மாறும் காரணியாக அதைச் சேர்ப்பது வழக்கமான வழி. பார்வைப் பரப்பைவிட்டு நகர்ந்து போன செல்லை இறந்ததாகவும் எண்ணக்கூடாது, தூக்கி எறியவும் கூடாது. கடைசியாகக் கண்ட நேரம் வரை உயிரோடு இருந்தது என்ற அளவில் அது கணக்கில் நிற்க வேண்டும்.

இனி கணினிக்கு வருவோம். செல்லை நாள்கணக்கில் பார்ப்பதற்கு முதல் எதிரி, பார்ப்பதற்கு நாம் பாய்ச்சும் ஒளியே. ஒளிர்புரதங்களைத் தூண்டும் நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் செல்லுக்குள் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி டிஎன்ஏவையும் சவ்வுகளையும் பாதிக்கின்றன. செல் உடனே இறந்துவிட்டால்கூட நல்லது, சோதனை கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது இறப்பதில்லை. பிரிவதைத் தள்ளிப்போடுகிறது, மெதுவாக ஊர்கிறது, அதை நாம் நோயின் விளைவென்றோ மருந்தின் விளைவென்றோ எழுதிவைக்கிறோம். ஆகவே குறைந்த ஒளியில் எடுத்த, தன்னளவில் போதாத படங்களிலிருந்து போதுமான தகவலைக் கணக்கிட்டு மீட்பதே கணினிவழிப் படமாக்கலின் முதன்மையான பணி. கூர்மையும் அழகும் அதற்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன.

சாயமே இல்லாமல் பார்ப்பது இதற்கு ஒரு வழி. உயிருள்ள செல் ஏறக்குறைய நிறமற்றது. ஒளியை அது உறிஞ்சுவதில்லை, தாமதப்படுத்த மட்டுமே செய்கிறது. அந்தத் தாமதத்தை, அதாவது ஒளியலையின் கட்ட மாற்றத்தை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்ச வேறுபாடாக மாற்றிய நுண்ணோக்கிக்காகத்தான் ஃபிரிட்ஸ் ஸெர்னிக்கேவுக்கு 1953-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டுக்கிளியின் இனச்செல்கள் பிரிவதை குர்ட் மிஷெல் என்பவர் ஜெர்மனியில் 1943-இல் இந்த முறையில் திரைப்படமாகவே எடுத்தார். ஸெர்னிக்கேவின் கருவி கட்ட மாற்றத்தைக் காட்டியது, ஆனால் அளந்து சொல்லவில்லை. இன்று ஒளிக் குறுக்கீட்டுப் படங்களையோ, குவியத்தைச் சற்று முன்பின்னாக நகர்த்தி எடுத்த படங்களையோ கொண்டு, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் கட்டம் எத்தனை ரேடியன் (கோணத்தை அளக்கும் அலகு) மாறியது என்று கணக்கிட முடிகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் போப்பெஸ்குவின் குழு இத்துறையை வளர்த்தவற்றுள் முக்கியமானது.

அந்த ரேடியன்களால் என்ன பயன் என்றால், அவற்றிலிருந்து செல்லின் எடையைப் போடலாம். புரதமும் பிற உயிர்ப்பொருள்களும் நீரில் எவ்வளவு செறிவாக இருக்கின்றனவோ அதற்கேற்ப ஒளிவிலகல் எண் உயர்கிறது என்பதை 1952 வாக்கிலேயே ராபர்ட் பாரெர் முதலியோர் காட்டியிருந்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் என்ற செறிவு உயர்வுக்கு விலகல் எண் சுமார் 0.18 முதல் 0.2 வரை கூடும். இதை வைத்துக் கணக்கிட்டால், 0.55 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் ஒரு ரேடியன் கட்ட மாற்றம் என்பது ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ 0.46 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) உலர் நிறையைக் குறிக்கும். செல்லின் பரப்பு முழுவதும் இதைக் கூட்டினால், நீர் நீங்கலான மொத்த நிறை, பாலூட்டிகளின் செல்லுக்குப் பெரும்பாலும் சில நூறு பிகோகிராம் என்ற அளவில், கிடைத்துவிடும். இதையே மணிக்கு மணி செய்தால், ஒரு புற்றுநோய்ச் செல் மருந்துக்குப் பிறகு வளர்வதை நிறுத்துகிறதா, தயங்கி மீண்டும் வளர்கிறதா என்பது அது இறப்பதற்கு வெகு முன்பே தெரியும். எல்லாச் செல்களையும் அரைத்துச் சராசரி பார்க்கும் சோதனையில், ஆயிரத்தில் ஒன்றாக மருந்தைத் தாங்கி நிற்கும் செல் மறைந்துபோகும். இதில் அது தனித்துத் தெரியும். நோய் திரும்ப வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட சிலவற்றால்தான்.

இரண்டாவது இக்கட்டு, பரப்புக்கும் நுணுக்கத்துக்கும் இடையிலானது. உருப்பெருக்கம் கூடிய லென்ஸில் நான்கைந்து செல்கள்தான் அகப்படும். குறைந்த லென்ஸில் ஆயிரக்கணக்கில் அகப்படும், ஆனால் உள்ளுறுப்புகள் தெரியா. அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் குவான் ஸெங், ரோர்க் ஹார்ஸ்ட்மேயர், சாங்க்ஹுவே யாங் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஃபூரியர் டைக்கோகிராஃபி இதற்கு நேர்த்தியான ஒரு தீர்வு. சாதாரண நுண்ணோக்கியின் விளக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எல்இடி வரிசைகள் கொண்ட பலகையைப் பொருத்துகிறார்கள். எல்இடிகள் ஒவ்வொன்றாக எரியும்போது ஒளி வெவ்வேறு கோணத்தில் வந்து விழுகிறது. சாய்ந்து விழும் ஒளி, லென்ஸுக்குள் நுழைய முடியாமல் வெளியே சிதறிப்போயிருக்கும் நுண்விவரங்களை லென்ஸின் வாய்க்குள் திருப்பிவிடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மங்கலான படங்களைக் கணினி, படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் தளத்தில் ஒன்றோடொன்று பொருத்தி, பதிவாகாத கட்டத்தையும் மீட்டு, ஒரே பெரிய படமாகக் கட்டுகிறது. இரண்டு மடங்கு மட்டுமே பெருக்கும் லென்ஸைக் கொண்டு, சுமார் 120 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 0.78 மைக்ரோமீட்டர் நுணுக்கம் கிடைத்தது. நிலைப்படுத்திய திசுவுக்கு இது போதும், உயிருள்ள செல்லுக்குப் போதாது. அத்தனை படங்களை எடுத்து முடிப்பதற்குள் செல் இடம் மாறிவிடும். பெர்க்லியில் லாரா வாலரின் குழு பல எல்இடிகளை ஒரே நேரத்தில் எரியவைத்துப் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பதிவை முடித்து 2015-இல் காட்டிய பிறகுதான் இந்த முறை உயிருள்ள செல்களுக்கு உண்மையில் ஏற்றதாயிற்று.

அளவீடுகளைக் கொண்டு படத்தைக் கணக்கில் கட்டுவது புதிய எண்ணமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் தந்த முறை, ராம்-லாக் வடிகட்டி என்ற பெயரில் சி.டி. ஸ்கேன் பாடநூல்களில் இன்றும் நிற்கிறது. பல கோணங்களிலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படங்களைக் கொண்டு செல்லை முப்பரிமாணத்தில் கட்டும் ஒளி டோமோகிராஃபியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஏராளமான எடுத்துக்காட்டுப் படங்களிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் அண்மைக்கால ஆழ்கற்றல் முறைகளைப் பற்றி எனக்குப் பாதி மகிழ்ச்சியும் பாதி எச்சரிக்கையும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவாகி 2018-இல் வெளிவந்த கேர் என்னும் முறை, வழக்கத்தைவிட 60 மடங்கு குறைந்த ஒளித்துகள்களில் எடுத்த இரைச்சல் மிகுந்த படத்திலிருந்து தெளிவான படத்தை மீட்டது. அவர்கள் சோதித்தவற்றுள் பிளனேரியா என்னும் தட்டைப்புழுவும் ஒன்று. மயக்க மருந்து கொடுத்த பிறகும், மிதமான லேசர் ஒளி பட்டாலே அது தசைகளைச் சுருக்கித் துள்ளும், படம் குலைந்துவிடும். அத்தகைய உயிரியை வேறு எப்படிப் பார்ப்பது? அதே ஆண்டில், சாயமற்ற படத்தைப் பார்த்தே உட்கரு இங்கே இருக்கும், நரம்பு இழை இங்கே இருக்கும் என்று ஒளிர்சாயப் படத்தைக் கணித்துத் தரும் மாதிரிகளைக் கூகுளும் ஃபிங்க்பைனரின் குழுவும் சேர்ந்தும், அமெரிக்காவின் ஆலன் செல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தனியாகவும் வெளியிட்டார்கள். இவை தருவதை அளவீடு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பயிற்சியில் கண்ட செல்களை ஒட்டிய ஊகம் அது. நலமான செல்களில் பயின்ற மாதிரியிடம் நோயுற்ற செல்லைக் கொடுத்தால், அதையும் நலமானதுபோல வரைந்து காட்டும் அபாயம் உண்டு. நாம் தேடுவதே வழக்கத்துக்கு மாறான செல்லாக இருக்கும்போது இது சிறிய குறையன்று. ஆகவே ஒவ்வொரு செல்வகைக்கும் ஒவ்வொரு நோய்நிலைக்கும் ஒரு பகுதியையாவது உண்மையான சாயமிட்டு ஒப்பிட்ட பிறகே அந்தக் கணிப்பை நம்ப வேண்டும்.

படம் கிடைத்தபின் வருவது அடையாளச் சிக்கல்: இந்தப் படத்திலுள்ள செல்தான் அடுத்த படத்திலுள்ள அந்தச் செல்லா? செல்லின் எல்லையைப் பிரித்தெடுப்பது ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 2015-இல் உருவான யூ-நெட், பிறகு வந்த செல்போஸ் போன்ற ஆழ்கற்றல் மென்பொருள்களால் பெருமளவு எளிதாகிவிட்டது. தடம் தொடர்வது அப்படியன்று. ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குச் சரியாக இணைக்கும் வாய்ப்பு 99 விழுக்காடு என்றால் கேட்க நன்றாக இருக்கும். நூறு படங்கள் கடந்தபின் பிழையே இல்லாமல் எஞ்சும் தடங்கள் சுமார் 37 விழுக்காடுதான். 99.9 ஆக உயர்த்தினால் 90 விழுக்காடு எஞ்சும். செல் பிரியும்போதும், இரண்டு செல்கள் உரசிக் கடக்கும்போதும் பிழைகள் குவிகின்றன. ஹண்டிங்டன் ஆய்வைப் போன்ற ஒன்றில் அத்தகைய பிழை ஒரு செல்லின் இறப்பை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடும். மென்பொருள் தந்த தடங்களில் ஒரு பங்கையாவது மனிதர் உட்கார்ந்து திருத்தாத ஆய்வின் முடிவை நான் எளிதில் ஏற்பதில்லை.

நீண்ட காலப் படம் இருந்தாலே நோயாளிக்கு நன்மை என்பதும் கிடையாது. செயற்கைக் கருத்தரிப்பில், கருவை இன்குபேட்டரைவிட்டு எடுக்காமலே சில நிமிடங்களுக்கு ஒரு முறை படமெடுத்து, பிரிவுகளின் நேரத்தைக் கணக்கிட்டுச் சிறந்த கருவைத் தேர்வதாகச் சொல்லும் கருவிகள் பல நாடுகளில் கூடுதல் கட்டணத்துக்கு வழங்கப்படுகின்றன. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலுமாக 1575 பேரிடம் நடந்து 2024-இல் லான்செட் இதழில் வெளிவந்த டில்ட் ஆய்வில், படங்களைக் கொண்டு தேர்ந்த பிரிவில் 33.7 விழுக்காட்டினருக்கும் வழக்கமான பிரிவில் 33.0 விழுக்காட்டினருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பிரிவின் நேரத்தைத் துல்லியமாக அளப்பது வேறு, அந்த நேரம் பிறப்பைத் தீர்மானிப்பது வேறு.

நீங்களே தொடங்குவதாக இருந்தால், கருவி வாங்கும் பேச்சுக்கு முன் இடைவெளியைத் தீர்மானியுங்கள். வெள்ளையணு வகைகளுள் ஒன்றான நியூட்ரோஃபில் நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் ஓடும், அதன் குறுக்களவும் ஏறத்தாழ அவ்வளவே; பத்து நிமிட இடைவெளியில் எடுத்தால் அது பத்து உடலளவு தள்ளிப்போயிருக்கும், எந்த மென்பொருளாலும் அதை நம்பிக்கையோடு இணைக்க முடியாது. அதற்கு அரை நிமிடத்துக்கும் குறைந்த இடைவெளி வேண்டும். ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய்ச் செல்லான ஹீலா செல்லோ ஒரு நாளுக்கு ஒரு முறை அளவில்தான் பிரிகிறது, பத்து நிமிடம் அதற்குத் தாராளம். சேமிப்பையும் முன்பே கணக்கிடுங்கள்: 2048-க்கு 2048 புள்ளிகள் கொண்ட 16 பிட் படம் ஒன்று சுமார் 8.4 எம்பி, 96 குழித் தட்டில், இரண்டு நிறங்களில், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, மூன்று நாள் எடுத்தால் ஏறத்தாழ 83,000 படங்கள், 700 ஜிபி. தட்டின் ஓரக் குழிகளில் செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசல் வற்றி உப்பு செறிந்துவிடும். அவற்றில் வெறும் நீரை நிரப்பி, செல்களை உட்குழிகளில் வையுங்கள். இன்குபேட்டர் அறை சூடாகி நிலைபெறச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்கு முன் தொடங்கினால் குவியம் நழுவிக்கொண்டே இருக்கும்.

ஒரே தட்டிலிருந்து பத்தாயிரம் செல்களைத் தொடர்ந்தாலும், மருந்து வேலை செய்ததா என்ற கேள்விக்கு அது ஒரே ஒரு சோதனைதான். வேறு நாளில், வேறு தொகுதிச் செல்களில் திரும்பச் செய்தவையே எண்ணிக்கையில் சேரும். ஒளியே பாய்ச்சாத ஒரு தட்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கடைசி நாளில் இரண்டிலும் செல்களை எண்ணுங்கள். எண்ணிக்கை வேறுபட்டால் நீங்கள் எடுத்தது நோயின் படமல்ல, உங்கள் விளக்கு செய்த வேலையின் படம். இடைவெளியைக் கூட்டியோ ஒளியைக் குறைத்தோ மறுபடி தொடங்க வேண்டியதுதான்.